பழைய தபால் ஸ்டாம்பும் ரெவின்யூ ஸ்டாம்பும் ஈரத்துல கெடாம வைக்கிறது எப்படி

எங்க பாட்டா வச்சிருந்த தகரப் பெட்டி ஒண்ணு ஓட்டு வீட்டு மச்சுல ரொம்ப வருஷமா கிடந்துச்சு. உள்ள தென்னந்தோப்பு பாட்டச்சீட்டு, பணம் வாங்குனதுக்கு ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி கையெழுத்து போட்ட ரசீதுகள், ஒரு காக்கி கவர்ல சங்கு போட்ட பழைய திருவிதாங்கூர் அஞ்சல் ஸ்டாம்பு கொஞ்சம், அப்புறம் சித்தப்பா மஸ்கட்ல இருந்து எழுதுன கடுதாசிக் கவருங்க. ஒரு ஐப்பசி மழையில ஓடு ஒண்ணு விலகி அந்தப் பெட்டிக்கு நேரா ஒழுகியிருக்கு, நாலு நாள் கழிச்சுதான் நாங்க பாத்தோம். அம்மை "மக்களே, முத்தத்துல வெயில்ல போடு, காஞ்சிரும்"னு சொன்னா, நானும் போட்டேன். சாயங்காலம் பாத்தா ஸ்டாம்பெல்லாம் சுருட்டி குழல் மாதிரி நிக்குது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனத நான் நகத்தால பிரிச்சதுல மேல உள்ள படமே உரிஞ்சு வந்துருச்சு, ரசீதுல பாட்டாவோட கையெழுத்து ஊதாக் கறையா பரவி கிடந்துச்சு. தண்ணி பண்ணுன சேதத்தைவிட அன்னைக்கு நான் அவசரப்பட்டு பண்ணுன சேதம்தான் ஜாஸ்தி, இது எனக்கு புரியவே ரொம்ப நாளாச்சு. அதனாலதான் இத எழுதுறேன், உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பெட்டி இருந்தா அது நனையுறதுக்கு முன்னாடியே வாசிச்சிருங்க.

முதல்ல ஸ்டாம்புன்னா என்னன்னு பாப்போம். பாக்க ஒத்தத் துண்டு பேப்பர்தான், ஆனா அது மூணு அடுக்கு. மேல மை, நடுவுல பேப்பர், அடியில பசை. தண்ணி பட்டா இந்த மூணும் மூணு விதமா நடந்துக்கும், எல்லாப் பிரச்சினையும் அங்கதான் ஆரம்பிக்குது. பேப்பர் மர நாரு, ஈரம் குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். பசையும் உப்பும் சுருங்கும், ஆனா பேப்பரோட அளவுக்கு இல்ல, பேப்பரோட வேகத்துலயும் இல்ல. ஒட்டியிருக்கிற ரெண்டு அடுக்குல ஒண்ணு அதிகமா சுருங்குனா என்ன ஆகும், வளையும். வெயில்ல போட்ட ஸ்டாம்பு குழல் மாதிரி சுருளுறதுக்கு காரணம் அதுதான், பசை சட்டுனு காஞ்சு பேப்பர இழுத்துருது. அத நிமுத்துறேன்னு விரலால அமுக்குனா பசை வெடிக்கும், சில நேரம் பேப்பரும் சேர்ந்து கீறும்.

பசையப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா புதுசா ஸ்டாம்பு சேக்குறவங்க பின்பக்கத்த திருப்பிப் பாக்குறதே இல்ல. பழைய ஸ்டாம்புல பெரும்பாலும் வேல மரத்துப் பிசின் ஜாதிப் பசை, இல்லன்னா மாவுச்சத்துல இருந்து எடுக்கிற டெக்ஸ்ட்ரின். ரெண்டும் எச்சில் பட்டாலே ஒட்டணும்ங்கிறதுக்காக செஞ்சது, அப்போ காத்துல உள்ள ஈரத்துக்கே அது இளகத்தான் செய்யும். மேல ஒரு சொட்டுத் தண்ணி விழ வேண்டியதே இல்ல. ரெண்டு மாசம் அடமழைக் காலத்துல ஒரு கவருக்குள்ள பத்து புது ஸ்டாம்ப அடுக்கி மேல கனமான புஸ்தகத்த வச்சாலே போதும், பத்தும் ஒரே கட்டையா ஆயிரும். அதோட மாவுப் பசைன்னா கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் சாப்பாடு, பூசணத்துக்கும் அதேதான். உபயோகிக்காத ஸ்டாம்புல பின்னால பசை முழுசா, கை படாம இருந்தாத்தான் சேக்குறவங்க மத்தியில நல்ல விலை, அதனால பசை கெட்டா முன்பக்கம் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் மதிப்பு இறங்கிரும். இதுல ஒரு விதிவிலக்கு உண்டு, பழைய சமஸ்தான ஸ்டாம்பு சிலது அச்சாபீஸ்ல இருந்தே பசை இல்லாமத்தான் வந்துச்சு, அத பாத்துட்டு பசை போயிருச்சேன்னு புதுசா பசை தடவிராதீங்க.

இனி மை. தபால் ஸ்டாம்பு மை பெரும்பாலும் தண்ணிக்கு தாங்கும், ஆனா எல்லாம் தாங்காது. வேணும்னே தாங்காத மாதிரி செஞ்ச மையும் உண்டு. யாராவது ஒட்டுன ஸ்டாம்ப கழுவி முத்திரைய அழிச்சு திருப்பி ஒட்டி அரசாங்கத்த ஏமாத்துவாங்கன்னு பயந்து, தண்ணியோ ரசாயனமோ பட்டா படமே கரைஞ்சு போற மாதிரி மை போட்டு அச்சடிச்சாங்க. 1880-கள்ல பிரிட்டன்ல வந்த வெளிர் ஊதா, பச்சை ஸ்டாம்புகள் இதுக்குப் பேர் போனது, அதுங்க தபாலுக்கும் வரிக்கும் ரெண்டுக்கும் பயன்பட்டது. நம்ம நாட்டுலயும் 1906-ல ஏழாம் எட்வர்ட் படம் போட்ட அரை அணா, ஒரு அணா ஸ்டாம்புல போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூன்னு ரெண்டையும் சேத்து அச்சடிச்சாங்க. அதனால ரெவின்யூ ஸ்டாம்புன்னு கண்ணுல பட்டாலே, இல்ல பழைய ஊதா, வயலெட், பச்சை நிறம்னாலே தண்ணி காட்டாதீங்க. வழவழன்னு சுண்ணாம்பு பூசுன மாதிரி மேல்பரப்பு இருக்கிற பேப்பரும் அப்படித்தான், நனைஞ்சா பூச்சோட சேர்ந்து படமும் வழிஞ்சு வந்துரும்.

ரெவின்யூ ஸ்டாம்ப தனியா பேசியே ஆகணும். தபால் ஸ்டாம்புல போஸ்டாபீஸ் முத்திரை இருக்கும், அது எண்ணெய்ப் பசையுள்ள கறுப்பு மையா இருந்தா சுலபத்துல போகாது. ரெவின்யூ ஸ்டாம்புலயோ குறுக்க மனுஷனோட கையெழுத்து. பிரிட்டிஷ் இந்தியாவுல 1899 முத்திரைச் சட்டப்படி 20 ரூபாய்க்கு மேல பணம் வாங்குனா ஒரு அணா ஸ்டாம்பு ஒட்டி ரசீது எழுதணும், இப்போ அதே சட்டத்துல 5000 ரூபாய்க்கு மேலன்னா ஒரு ரூபா ஸ்டாம்பு. அந்தக் கையெழுத்து எதுல போட்டதுன்னு பாக்குறதுதான் முக்கியம். பவுண்டன் பேனா நீல மைன்னா ஒரு சொட்டுக்கே பரவும். காப்பியிங் பென்சில்னு ஒண்ணு இருந்துச்சு, காஞ்ச நிலையில சாதாரண பென்சில் மாதிரி சாம்பல் நிறம்தான், ஈரம் பட்ட உடனே கடும் ஊதாவா மாறி ஓடும், பாட்டாவோட ரசீதுல நடந்தது அதுதான். ரப்பர் ஸ்டாம்பு அடிச்ச ஊதா மையும் ஓடும். கைநாட்டு வச்ச கறுப்பு மைதான் இருக்கிறதுலயே பலம், எங்க பெட்டியில கையெழுத்தெல்லாம் அழிஞ்ச பிறகும் ஒரு பெருவிரல் ரேகை மட்டும் கோடு கோடா அப்படியே இருந்துச்சு.

அதனால ரசீதுல, புரோநோட்டுல, பத்திரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டாம்ப கழட்டவே கழட்டாதீங்க. ஸ்டாம்பு தனியா இருந்தா அது ஒரு பேப்பர் துண்டு, ரசீதோட இருந்தா யார் யாருக்கு எந்தத் தேதியில எத்தனை சக்கரம் (திருவிதாங்கூர் பணம்) குடுத்தாங்கன்னு சாட்சி. நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல இதுக்கு இன்னும் ஜாஸ்தி மதிப்பு உண்டு, ஏன்னா 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர் பக்கம், அதுக்குன்னு தனி முத்திரைத்தாள், தனி கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, தேதி மலையாள வருஷமான கொல்லம் ஆண்டுல, கணக்கு சக்கரத்துலயும் காசுலயும், 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபா. தபாலும் தனி, அதுக்குப் பேரு அஞ்சல், 1888-ல சங்குப் படத்தோட முதல் ஸ்டாம்பு வந்துச்சு, 1951 ஏப்ரல் 1-ல இந்தியத் தபாலோட சேந்துச்சு. 1939-ல மகாராஜா பிறந்தநாளுக்கு விட்ட ஸ்டாம்புல நம்ம கன்னியாகுமரி முனையும் பேச்சிப்பாறை அணையும் இருக்கு, அது உங்க வீட்டுப் பெட்டியில இருந்தாலும் இருக்கலாம், அதனால பெட்டிய பழைய சாமான் வாங்குற ஆக்கர்காரருக்கு தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒருதரம் ஒவ்வொரு தாளா பாருங்க.

சரி, ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாப்போம். நமக்கு மழை ரெண்டு, ஆனி ஆடியில தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு. மத்த ஜில்லாக்காரங்களுக்கு ஒரு மழைக்காலம் முடிஞ்சு எல்லாம் உலர நாள் கிடைக்கும், நமக்கு இடையில கிடைக்கிறது கொஞ்சம்தான். இந்த சின்ன ஜில்லாவுக்குள்ளயே மூணு விதமான காத்து வேற. ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம் காத்தாடி சுத்துற இடத்துல காத்து அடிச்சுத் தள்ளும், அங்க கொஞ்சம் வறட்சி. குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள வீடுன்னா சுவரே வேர்க்கும். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் கடல்காத்து, அதுல உள்ள உப்பு பேப்பர் மேல படிஞ்சா அந்த உப்பே காத்துல உள்ள ஈரத்த இழுத்து வச்சுக்கும், ஆணி துருப்பிடிக்கிற அதே கதை. அங்க உள்ளவங்க ஆல்பத்த ஜன்னல் பக்கம் திறந்து வைக்கவே கூடாது. அப்புறம் 2017 நவம்பர் 30 ஓகி புயல் மாதிரி ஒண்ணு வந்தா ஓடும் ஷீட்டும் பறந்த வீட்டுல எது மிஞ்சும், அன்னைக்கு நம்ம ஆளுங்க உயிருக்கும் வள்ளத்துக்கும் கடல பாத்து அழுதுட்டு இருந்தாங்க, பேப்பர யாரு நினைச்சா. அதனாலதான் சாதாரண நாள்லயே இத பண்ணி வச்சிரணும்.

காத்துல உள்ள ஈரத்த சதவீதத்துல சொல்லுவாங்க. 65-க்கு மேல போயி அப்படியே நின்னா பூசணத்துக்குக் கொண்டாட்டம், ஸ்டாம்புல பழுப்புப் புள்ளி புள்ளியா வரும், சேக்குறவங்க துருப்புள்ளின்னு சொல்லுவாங்க, வந்த புள்ளி போகாது, பக்கத்து ஸ்டாம்புக்கும் தாவும். 40-ல இருந்து 55 வரைக்கும்னா ஸ்டாம்புக்கு சுகம். நம்ம ஊர்ல மழைக்காலத்துல வீட்டுக்குள்ள 80-அ தாண்டுறது சாதாரணம், வீடு முழுக்க குறைக்க முடியாது, ஒரு டப்பாவுக்குள்ள குறைக்க முடியும். இது ஒண்ணு மனசுல வாங்கிட்டா மத்ததெல்லாம் லேசு. ஆன்லைன்ல சின்ன டிஜிட்டல் ஈரமானி விக்கிது, வாங்கி டப்பாவுக்குள்ளயே போட்டுருங்க, ஊகம் பண்ண வேண்டாம்.

டப்பான்னா ரப்பர் வளையம் வச்சு காத்து போகாம மூடுற பிளாஸ்டிக் டப்பா, சமையலறையில பருப்பு போட்டு வைக்கிற பெரிய சைஸ். அடியில ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் மணி, அது ஸ்டாம்பு மேல நேரா படாம ஒரு துணிப்பையில கட்டி வைங்க. செருப்புப் பெட்டியில வர்ற சின்னப் பொட்டலம் ஒண்ணு ரெண்டு போட்டா ஒண்ணும் ஆகாது, ஏற்கெனவே அது ஈரம் குடிச்சுத்தான் இருக்கும், கால் கிலோவா வாங்குங்க. ஆரஞ்சு நிறம் வாங்குங்க, ஈரம் குடிச்சு முடிச்சா நிறம் மாறிக் காட்டும், அப்போ எடுத்து தட்டுல பரப்பி லேசான சூட்டுல காய வச்சா திரும்பப் பழைய நிறத்துக்கு வரும், இப்படி பல தரம் பண்ணலாம். நீல நிறத்துல கோபால்ட் சேத்திருப்பாங்க, அது உடம்புக்கு ஆகாது, பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். ஒரு விஷயம் மறக்காதீங்க, ஸ்டாம்ப டப்பாவுக்குள்ள அடைக்கிறது உலர்ந்த நாள்ல இருக்கணும், மழை நாள்ல அடைச்சா ஈரத்தையும் சேத்து அடைச்சுப் பூட்டுன மாதிரி ஆயிரும்.

உள்ள எதுல வைக்கிறதுன்னா ஸ்டாக் புக் நல்லது, தடிச்ச அட்டையில வரிசையா பட்டை ஒட்டி ஸ்டாம்ப சொருகுற புஸ்தகம். அத நெட்டுக்குத்தா நிக்க வைங்க, படுக்கப் போட்டு மேல மேல அடுக்குனா கனத்துல பசை பக்கம் ஒட்டிக்கும். பிளாஸ்டிக் உறை வாங்குனா வாசனை பாருங்க, புது மழைக்கோட்டு மாதிரி வாசம் வந்தா அது பீவீசீ, நாளாக நாளாக அதுல இருந்து ஒரு எண்ணெய் மாதிரி கசிஞ்சு மையோட ஒட்டும், பாலிஎஸ்டர் இல்ல பாலிப்ரொப்பிலீன்னு எழுதியிருக்கிறத வாங்குங்க. பழைய போட்டோ ஆல்பத்துல உள்ள ஒட்டுற பக்கம் கூடவே கூடாது. டப்பாவ வெளிச்சுவர ஒட்டி வைக்காதீங்க, தரையிலயும் வேண்டாம், இரும்பு பீரோவுல வைக்கிறதா இருந்தா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல கை போற அளவு இடம் விடுங்க. மச்சு, பரண் வேண்டவே வேண்டாம், மேல சூடு, ஒழுக்கு ரெண்டும் அங்கதான் முதல்ல வரும். பாச்சா உருண்டை போடுறவங்க நிறைய பேரு, அதோட ஆவி ஸ்டாம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நல்லதில்ல. வேப்பிலை போடணும்னு தோணுனா அது பச்சை இலை, அதுவே ஈரம்.

பத்திரத்த லேமினேட் பண்ணிராதீங்க. இத நான் கெஞ்சியே கேக்குறேன். ஜெராக்ஸ் கடையில பத்து நிமிஷத்துல பண்ணித் தருவாங்க, பாக்க பத்திரமாவும் தெரியும், ஆனா சூட்டுல ஒட்டுன அந்த பிளாஸ்டிக்க திரும்ப எடுக்க முடியாது, உள்ள இருந்த ஈரமும் உள்ளயே. செல்லோ டேப்பும் அப்படித்தான், நாலு வருஷத்துல மஞ்சளாகி பேப்பருக்குள்ள இறங்கிரும். அதுக்குப் பதிலா இன்னைக்கே போன்ல ரெண்டு பக்கமும் தெளிவா படம் எடுத்து வைங்க, நான் முன்னாடியே எடுத்திருந்தா பாட்டாவோட கையெழுத்து படத்துலயாவது மிஞ்சியிருக்கும்.

இனி நனைஞ்சே போச்சுன்னா என்ன பண்ணன்னு பாப்போம். உங்களுக்கு ரெண்டு நாள் டைம் இருக்கு, அதுக்குள்ள பூசணம் கிளம்ப ஆரம்பிச்சிரும், அதனால அவசரம் உண்டு, ஆனா கையில அவசரம் வேண்டாம். ஒட்டிக்கிட்டத இழுக்காதீங்க. வெயில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். மேஜை மேல மை ஒத்துற பிளாட்டிங் பேப்பர விரிங்க, இல்லன்னா அச்சு இல்லாத வெள்ளை டிஷ்யூ, தினசரிப் பேப்பர் மட்டும் போடாதீங்க, அதுல உள்ள கறுப்பு மை ஈரத்துல ஸ்டாம்புக்கு மாறும். தனித்தனியா இருக்கிறத முள்வாங்கி மாதிரி உள்ள ஸ்டாம்பு இடுக்கியால பைய எடுத்து பரப்புங்க, ஈர பேப்பர் விரல் கனத்துக்கே கிழியும். ஃபேன மெதுவா சுத்த விட்டு காத்து நேரா மேல அடிக்காம அறைக்குள்ள ஓடுற மாதிரி வைங்க. முக்காவாசி காஞ்சதும் ரெண்டு வெள்ளை பேப்பருக்கு நடுவுல வச்சு தடிச்ச புஸ்தகத்துக்குள்ள ரெண்டு மூணு நாள் அமுக்கி வச்சா நிமிந்துரும். ரசீது, பத்திரம்னா மேல தேய்க்காம ஒத்தி ஒத்தி ஈரத்த எடுங்க, கையெழுத்து இருக்கிற இடத்துல தொடவே வேண்டாம், தானா காயட்டும்.

நிறைய நனைஞ்சு எல்லாத்தையும் ஒரே நாள்ல பாக்க முடியலன்னா பிரிட்ஜ்ல மேல ஐஸ் வைக்கிற பெட்டி இருக்கே, அது கை கொடுக்கும். கட்டு கட்டா பட்டர் பேப்பர்ல சுத்தி, ஜிப் வச்ச கவர்ல போட்டு காத்த வெளிய தள்ளி மூடி, ஐஸ் பெட்டிக்குள்ள வைங்க. உறைஞ்ச நிலையில பூசணம் வளராது, மை பரவாது, கரண்ட் இருக்கிற வரைக்கும் நிம்மதி. பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை கொஞ்சம் கொஞ்சமா எடுத்து காய வைக்கலாம்.

கட்டையா ஒட்டிப்போன புது ஸ்டாம்ப பிரிக்க ஒரு வழி உண்டு, சேக்குறவங்க வியர்வைப் பெட்டின்னு சொல்லுற மாதிரி. மூடி உள்ள டப்பாவுல அடியில நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பாஞ்ச், அதுக்கு மேல சின்ன வலைத்தட்டு, அதுமேல ஸ்டாம்பு, தண்ணி நேரா படக்கூடாது. இட்லி அவிக்கிற மாதிரிதான், ஆனா அடுப்பு கிடையாது, ஆவி கிடையாது, வெறும் ஈரக்காத்து. ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் திறந்து ஓரத்துல இடுக்கியால லேசா தூக்கிப் பாருங்க, தானா விலகுனா எடுங்க, விலகலன்னா மூடி வைங்க, ராத்திரி முழுக்க விட்டுட்டு தூங்கப் போயிராதீங்க. மை ஓடுற ஜாதி ஸ்டாம்புக்கு இது வேண்டாம். ஓடுமா ஓடாதான்னு தெரிய, விலை இல்லாத அதே மாதிரி ஒண்ணுல ஈரப் பஞ்ச ஓரத்துல ஒத்திப் பாருங்க, பஞ்சுல நிறம் வந்தா அத்தோட நிறுத்திருங்க.

கவர்ல இருந்து ஸ்டாம்பு எடுக்க தண்ணியில ஊற வைக்கிறது எல்லாருக்கும் தெரியும், அதுக்கு சாதாரண பச்சைத் தண்ணி போதும், சுடுதண்ணி வேண்டாம். ஆனா ஏர்மெயில் கவர்ல ஓரத்துல சிவப்பும் நீலமும் பட்டை இருக்கும், அது சாயம் விடும், அந்தப் பட்டைய வெட்டிட்டு ஊற வைங்க, கலர் கவர்ல உள்ளத மத்ததோட சேக்காம தனிப் பாத்திரத்துல போடுங்க. சித்தப்பாவோட மஸ்கட் கவருங்கள்ல நான் இத தெரியாம நாலு ஸ்டாம்புக்கு ரோஸ் நிறம் ஏத்திட்டேன். இப்போ மிச்சம் உள்ள கவர்கள வெட்டாம முழுசாவே வச்சிருக்கேன், சித்தப்பாவோட கையெழுத்தும் அந்த ஊர் முத்திரையும் அதுலதான இருக்கு.

மாசி, பங்குனி வந்தா நான் டப்பாவ திறப்பேன். காலையில வெயில் ஏறி காத்து உலர்ந்த பிறகு, முத்தத்துல இல்ல, உள்ளறையில மேஜை மேல, ஸ்டாக் புக்க விரிச்சு நிறுத்தி ரெண்டு மணி நேரம் காத்தாட விடுவேன், ஒவ்வொரு பக்கமா புள்ளி ஏதும் புதுசா வந்திருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாப்பேன். சிலிக்கா ஜெல்ல அன்னைக்கே காய வச்சு, ஈரமானி 50-க்கு கீழ காட்டுனதும் மூடுவேன். பாட்டாவோட ரசீதுல மூணு மட்டும் வாசிக்கிற நிலையில தப்பிச்சது, அதுல ஒண்ணுல ஸ்டாம்பு பாதி உரிஞ்சிருக்கு, அந்த உரிஞ்ச துண்டையும் தனியா ஒரு பட்டர் பேப்பர் கவர்ல போட்டு அதுகூடவே வச்சிருக்கேன்.